நூறு வயதாகாத வீடுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கண்டியின் பாரம்பரியம் எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் தலதா மாளிகை, வாவி, மன்னர் காலத்து மண்டபங்கள் என்று சொல்வார்கள். சரியான பதில்தான். 1988இல் யுனெஸ்கோ நம் நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் அவற்றுக்காகத்தான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஊரில் இன்னொரு வரலாறும் கட்டப்பட்டது. அதை நம்மில் பலர் அறிவதில்லை.

அந்த வரலாற்றின் பெயர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். தாயார் ஆக்னஸ், இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மினெட் பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை படித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர்தான். லண்டனிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் கண்டிக்குத் திரும்பி, பெற்றோரின் வீட்டிலேயே அலுவலகம் திறந்தார்.

அவர் கட்டிய முதல் வீடு கண்டியில் உள்ள கருணாரத்ன வீடு. 1951இல் முடிந்தது. மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், சரிவுக்கு ஏற்றபடி தளங்களை மேலும் கீழுமாக அமைத்தார். கொங்கிரீட்டும் கண்ணாடியும் இருக்கின்றன; கூடவே தும்பறைப் பாய் நெசவும், உள்ளூர்க் கைவினைஞர் சுட்ட மண் ஓடும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இருக்கின்றன. புதுமை என்றால் ஐரோப்பாவைப் பார்த்து எழுதுவதல்ல என்று அந்த வீடு சொன்னது.

நமக்கு இன்னும் நெருக்கமானது வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம். அரச ஊழியர்களுக்காக 1958இல் அவர் வடிவமைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். குடிவரப்போகும் குடும்பங்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, கூட்டம் வைத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்டார். பதில்களைப் பார்த்தே வீட்டு வகைகளைத் தீர்மானித்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தவரும் அயலவரானார்கள். 1958 என்றால் நாட்டில் இனக்கலவரம் மூண்ட வருடம். அந்த வருடத்தில் இப்படி ஒரு குடியிருப்பு எழுந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அதன்படி, நூறு வருடத்துக்குக் குறையாத ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். மினெட்டின் கட்டடங்களுக்கு அந்த வயது வரவில்லை. பழையது என்று காப்பாற்றவும் முடியாது, புதியது என்று கவனிக்கவும் ஆளில்லை. இடைப்பட்ட வயதில்தான் ஒரு கட்டடத்துக்கு ஆபத்து அதிகம்.

கொழும்பு புறக்கோட்டையில் இருக்கும் சிவப்புப் பள்ளியை யோசித்துப் பாருங்கள். 1908இல் கட்டத் தொடங்கியது. இன்று அதன் பெறுமதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அதற்கும் ஒருகாலத்தில் ஐம்பது வயதுதான். அந்த நாட்களில் அதை மதித்துப் பராமரித்தவர்கள் இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

தப்பிய ஒரு வீட்டின் கதையையும் சொல்ல வேண்டும். ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு நடுமுற்றம் வைத்து ஒரு வீடு கட்டினார். 2009 அளவில் அந்தக் காணி கைமாறியது. வீட்டைக் கல்லுக்குக் கல் இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகில் லுனுகங்கவில் மீண்டும் பொருத்தினார்கள். பெரும் சாதனைதான். ஆனால் அது நின்ற தெருவில் இன்று அது இல்லை. எல்லா வீட்டுக்கும் அப்படிச் செய்யப் பணமும் ஆட்களும் கிடைக்கப்போவதுமில்லை.

வீட்டுக்காரர்களைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. கூரை ஒழுகும், பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டும், காணி விலை ஏறிக்கொண்டே போகும். உதவி எதுவும் செய்யாமல் "உடைக்காதீர்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஊர் பெருமைப்படுவதற்கு ஒரு குடும்பம் மட்டும் செலவழிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. வரிச் சலுகை, திருத்த வேலைக்கு உதவி, கட்டடக்கலைஞரின் இலவச ஆலோசனை போன்றவற்றை மாநகர சபையிடமும் அரசிடமும் நாம்தான் கேட்க வேண்டும். வயதை மட்டும் பார்க்காமல் பெறுமதியையும் பார்க்கும் ஒரு பட்டியல் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையால் ஆவதும் உண்டு. வட்டபுளுவயில் இருப்பவர்கள் பழைய வரைபடம், புகைப்படம், காணிப் பத்திரம் இருந்தால் ஸ்கேன் பண்ணி வையுங்கள். திருத்த வேலை தொடங்க முன் வீட்டின் நான்கு பக்கமும் படம் எடுங்கள். முதலில் குடிவந்தவர்களில் இன்னும் நம்மோடு இருக்கும் பெரியவர்களிடம் அந்த நாட்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். உயர்தர மாணவர்களுக்கு இது நல்லதொரு செயற்றிட்டம்.

மினெட் 1998இல் கண்டியிலேயே காலமானார். அவர் கட்டியவற்றில் சில இப்போதே இல்லை, சில சிதைந்துகொண்டிருக்கின்றன. மிச்சம் இருப்பவை நூறு வயதைத் தொட இன்னும் முப்பது வருடம் அளவில் இருக்கிறது. அந்த முப்பது வருடமும் நம் காலத்திலும் நம் பிள்ளைகளின் காலத்திலும்தான் வருகிறது.