கழற்றிவிட்ட செருப்பும் சாத்திவைத்த சறுக்குப்பலகையும்

கடலூர் மாவட்டம் திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயிலுக்கும் காஷ்மீரத்துக் குல்மார்க் பனிச்சறுக்கு மலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒன்று வெள்ளாற்றங்கரையில், வெயிலில் காயும் சமவெளியில் இருக்கிறது. மற்றொன்றில் கோண்டோலா எனப்படும் கம்பிவடப் பெட்டிகள் இரண்டு கட்டமாக ஏறி, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் அபர்வத் சரிவில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. ஆனால் இரண்டு இடத்துக்கும் வருகிறவர் முதலில் செய்கிற காரியம் ஒன்றே. காலில் இருப்பதைக் கழற்றி ஓரிடத்தில் விட்டுவிட்டு, திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும் என்று நம்பி உள்ளே போகிறார்.

இந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? மக்களின் நல்ல குணத்தின் மேலா, சட்டத்தின் மேலா, பூட்டின் மேலா? பனிச்சறுக்கு விடுதியையும் நம் ஊர்க் கோயில் வாசலையும் ஆற்றங்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. அந்த விடை நம் ஊர்த் திருவிழா ஏற்பாடுகளுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது.

விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்

இரண்டு இடத்திலும் பொருளை விட்டுச் செல்வது அசட்டையால் நடப்பதல்ல. பனிச்சறுக்குக் காலணி கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. அதைப் போட்டுக்கொண்டு படி ஏறுவதே பெரும்பாடு. அதனால் வீட்டிலிருந்து போட்டு வந்த சாதாரணக் காலணியை மலையடிவார ஓய்வுக்கூடத்தில், பெஞ்சுக்கடியிலோ திறந்த மரத்தட்டிலோ வைத்துவிட்டு மலையேறுகிறார்கள். பகலில் சாப்பிட இறங்கி வந்தால் நிலைமை தலைகீழ். நீண்ட சறுக்குப்பலகைகளைக் கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலில் உள்ள சட்டத்தில் சாத்திவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

நம் பக்கத்திலும் அதே கட்டாயம்தான். செருப்போடு கோயிலுக்குள் போக முடியாது. ஆற்றில் முழுக்குப் போடுகிறவர் மாற்றுத் துணியையும் கைப்பேசியையும் தண்ணீருக்குள் எடுத்துப் போக முடியாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதித்து, அதைப் பத்திரமாக வைக்க வசதி செய்யவும் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு பக்தர் வெளியே விட்டுப்போகும் பொருள்களில் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. ஓர் இடத்தின் விதி ஒருவரைத் தம் பொருளிலிருந்து பிரித்து நிறுத்தும்போது, அந்தப் பொருளின் பொறுப்பில் ஒரு பங்கு அந்த இடத்துக்கும் வந்து சேர்கிறது. இரண்டு இடங்களும் இந்தப் பங்கை எப்படி ஏற்கின்றன என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

ஜோடியைப் பிரிக்கும் உத்தி

வேறுபாட்டுக்கு முன் ஓர் ஒற்றுமை. பனிச்சறுக்குக்காரர்கள் பலர் தங்கள் இரண்டு பலகைகளையும் சேர்த்து வைப்பதில்லை. நண்பர் இருவர் வந்தால், இவருடைய ஒன்றும் அவருடைய ஒன்றுமாக மாற்றி ஜோடி சேர்த்து, சட்டத்தின் இரு முனைகளில் வைப்பார்கள். திருட வருகிறவன் ஓடும் அவசரத்தில் உண்மையான ஜோடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். ஒற்றைப் பலகையை விற்கவும் முடியாது.

கூட்டமான நாளில் நம் கோயில் வாசலைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. புதுச்செருப்பு வாங்கியவர் ஒன்றை வாசலின் இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமும் கழற்றிவிட்டுப் போவார். கணவன் செருப்புக்குள் மனைவி செருப்பைச் செருகி வைப்பதும் உண்டு. ஆல்ப்ஸ் மலைக்காரர் திட்டக்குடியைப் பார்த்துக் கற்றதில்லை, திட்டக்குடிக்காரரும் ஆல்ப்ஸைப் பார்த்துக் கற்றதில்லை. காவலுக்கு ஆள் இல்லாத இடத்தில் மனித மூளை ஒரே முடிவுக்கு வந்திருக்கிறது. திருட்டை முற்றிலும் தடுக்க முடியாவிட்டாலும், திருடுபவனுக்குக் கிடைப்பதை உதவாததாக ஆக்கலாம்.

ஆள் இல்லாதபோது ஆளின் உரிமை

விட்டுப்போன பொருள் சில சமயம் அதன் சொந்தக்காரருக்காகப் பேசவும் செய்கிறது. திட்டக்குடிப் பேருந்து நிலையத்தில் விருத்தாசலம் வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியே துண்டு உள்ளே விழும். துண்டைப் போட்டவர் சாவகாசமாகப் படி வழியாக ஏறி வருவார், இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டு வருவார். அந்தத் துண்டை எடுத்து அப்பால் போட்டுவிட்டு உட்கார யாருக்கும் எளிதில் மனம் வராது. பக்கத்து இருக்கைக்காரரே, "ஆள் வருதுங்க" என்று சொல்லிவிடுவார். ஆனால் வண்டி நகரும்வரைதான் துண்டுக்கு மரியாதை. நகர்ந்த பிறகும் ஆள் வராவிட்டால், நிற்கிற பெரியவரை உட்காரச் சொல்வதே நியாயம் என்று வண்டியில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

பனிச்சறுக்கு விடுதிகளில் இதே துண்டு, தலைக்கவசமும் கையுறையுமாக மாறிவிடுகிறது. காலையில் ஒரு குடும்பம் நீண்ட மேசையில் பைகளைப் பரப்பிவிட்டு மலைக்குப் போய்விடும். நண்பகலில் சாப்பாட்டுத் தட்டுடன் நிற்பவர்களுக்கு உட்கார இடம் இருக்காது. மேசை பிடித்து வைக்காதீர்கள் என்று சில விடுதிகள் பலகை மாட்டியதற்கு இதுவே காரணம். பேருந்தில் வண்டி நகர்வது கெடுவாக அமைந்து வழக்கைத் தீர்த்துவிடுகிறது. மலை விடுதியில் அப்படி இயற்கையான கெடு இல்லாததால் எழுத்து விதி தேவைப்படுகிறது. பொதுவிடத்தில் ஒரு பொருள் தன் சொந்தக்காரருக்காக எவ்வளவு நேரம் இடம் பிடிக்கலாம் என்பதைச் சுற்றியிருப்பவர்களே சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ஆகவே, ஆளில்லாமல் கிடக்கும் பொருள்கூட ஒரு சமூகத்தின் கவனத்துக்குள்தான் கிடக்கிறது.

கவனிப்பவர் யார்?

இரண்டு இடமும் உண்மையாகப் பிரிவது இங்கேதான். பெரிய பனிச்சறுக்கு மலைகளுக்கு வருகிறவர்கள் காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள். அமெரிக்காவின் வேய்ல் (Vail) போன்ற மலையில் கூட்டமான நாளில் ஒரு நாள் சீட்டின் விலையே 300 டாலரைத் தாண்டுகிறது. வந்திருப்பவர் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள் என்ற எண்ணம் அங்கே காவலாக இருக்கிறது. அந்த எண்ணம் பலவீனமானது. சாதாரணமாகக் கிடக்கும் ஒரு ஜோடிப் பலகையின் விலை நம் ஊரில் நல்ல இருசக்கர வாகனத்தின் விலைக்கு வரும். எளிதில் கைமாற்றி விற்கவும் முடியும். வாசலில் ஆயிரம் பேர் நடமாடினாலும், யாருடைய பலகையை யார் எடுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கும் கடமை யாருக்கும் தரப்படவில்லை.

கோயில் வாசலுக்கும் ஆற்றங்கரைக்கும் நுழைவுச்சீட்டு கிடையாது, யாரும் வரலாம். மாசி மகத்தன்று விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றங்கரைக்கும் சுற்று வட்டாரமே திரண்டு வருகிறது. திட்டக்குடிப் பக்கத்துக் குடும்பங்களும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பேருந்தேறிப் போகின்றன. அந்தக் கூட்டத்தில் பொருள் பத்திரமாக இருக்க வழி என்ன?

கரையில் சற்று நேரம் நின்று பார்த்தால் தெரியும். ஒரு குடும்பம் ஆற்றில் இறங்குகிறது. கைப்பேசியை அணைத்து, மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உலர்ந்த புடவையின் மடிப்புக்குள் செருகுகிறார்கள். பீரோ சாவியை ஒரு பெண் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். துணி மூட்டையின் மேல் பாட்டி உட்கார்ந்துவிடுகிறார். எல்லோரும் ஏறி வந்து தலை துவட்டிய பிறகுதான் பாட்டி கடைசி ஆளாக இறங்குகிறார். தனியாக வந்தவர் கரையில் பூ விற்கும் பெண்ணிடம், "அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்கிறார். "போய்ட்டு வா தம்பி, இங்கதான் இருப்பேன்" என்று பதில் வருகிறது. கற்பூரமோ பூவோ அவரிடமே வாங்கிக்கொள்வது வழக்கம். அது கூலி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இருவருக்கும் புரிந்த கணக்கு.

பனிமலையில் பொருள் கூட்டத்தை நம்பி விடப்படுகிறது. இங்கே ஓர் ஆளை நம்பி விடப்படுகிறது. இந்த இரண்டாவது முறைதான் உறுதியானது என்று நான் கருதுகிறேன். சயன்ஸ் இதழில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வும் இந்தத் திசையில்தான் கை காட்டுகிறது. இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளைக் கீழே கிடந்ததாகச் சொல்லி வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி போன்ற இடங்களின் முன்மேசை ஊழியர்களிடம் ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். பணம் இருந்தால் திரும்ப வராது என்பதே பலரின் கணிப்பு. ஆனால் பணம் இல்லாத பைகளைவிடப் பணம் இருந்த பைகளுக்கே உரியவரைத் தேடி அதிகத் தகவல் வந்தது. அந்தப் பைகள் தெருவில் கிடக்க விடப்படவில்லை, ஒருவர் கையில் நேராக ஒப்படைக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுப்பு தம் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான மனிதர்கள் அதைக் கைவிடுவதில்லை.

சட்டமும் இதையே கேட்கிறது

"பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை பனிச்சறுக்கு விடுதியிலும் உண்டு, நம் வாகன நிறுத்தங்களிலும் உண்டு. வெறுமனே விட்டுப்போன பொருளுக்கு இது பொருந்தலாம். ஆனால் ஒருவரிடம் ஒப்படைத்து அவர் ஏற்றுக்கொண்டால் நிலை மாறுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 148, 151-ஆம் பிரிவுகளின்படி, பிறர் பொருளை ஏற்றவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்ட வேண்டும். ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், பொறுப்பு உங்களுடையதே என்று சீட்டில் அச்சிட்டதால் மட்டும் ஓட்டல் தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. ரயில்வே சட்டம் 1989-இன் 100-ஆம் பிரிவும் இதே கோட்டில்தான் செல்கிறது. பதிவு செய்து ரசீது பெற்ற சுமைக்கு ரயில்வே பொறுப்பேற்கும். பயணி தம் கையில் வைத்திருந்த மூட்டை போனால், ரயில்வேயின் கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டும்.

செருப்புக் காப்பகத்தில் தரும் சிறு தகட்டு வில்லைக்கு உள்ள மதிப்பு இதுதான். காசு வாங்கினாலும் இலவசமாகத் தந்தாலும் அந்த வில்லை ஒரு பொறுப்பின் அடையாளம்.

பூட்டுப்பெட்டி போதுமா?

இரண்டு உலகமும் இப்போது பூட்டுப்பெட்டியை நோக்கிப் போகின்றன. 2020-21 பனிக்காலத்தில் கொரோனாவை முன்னிட்டுப் பல மலைகள் கூடத்துக்குள் பை கொண்டுவர வேண்டாம், காரிலேயே காலணி மாற்றிக்கொள்ளுங்கள் என்றன. கார் வைத்திருப்பவருக்குக் காரே பூட்டுப்பெட்டி ஆனது. நம் கோயில்களில் கைப்பேசிப் பெட்டகங்கள் வந்திருப்பது நல்ல மாற்றமே.

ஆனால் பூட்டுப்பெட்டி ஆற்றங்கரைக்கு வராது. அங்கே பொருள் இழப்பவரின் துயரமும் வேறு. பலகையை இழந்த பனிச்சறுக்குக்காரர் பலருக்குக் காப்பீடு உண்டு. மாசி வெயிலில் செருப்பை இழந்த முதியவர் கொதிக்கும் தார்ச்சாலையில் பேருந்து நிலையம்வரை வெறுங்காலோடு நடக்க வேண்டும். பையோடு குடும்ப அட்டையும் ஆதார் அட்டையும் நெல் விற்ற பணமும் போனால், ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது பல வாரத்து அலைச்சல். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையையே தண்டனையாக வைக்கிறது. திருடியவருக்கு இது நியாயமான சட்டம்தான். பொருளை இழந்தவரின் பாதுகாப்பை மட்டும் தண்டனையிடம் விட்டுவிட முடியாது. இழப்பு நேராமல் பார்ப்பதே வழி.

அதற்கு வேண்டிய ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். கரையில் பை பார்த்துக்கொள்ளும் பூக்காரர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும்தான் அவர்கள். திருவிழா நாட்களில் திட்டக்குடி, விருத்தாசலம் நகராட்சிகளும் கோயில் நிர்வாகங்களும் படித்துறைக்கு அருகிலேயே ஒரு பந்தல் போட்டு, இரண்டு பாதியாகக் கிழியும் எண் சீட்டுடன் துணி மூட்டையையும் கைப்பேசியையும் வாங்கி வைக்கலாம். அந்தப் பெண்களுக்கு நாள்கூலி கொடுத்து, கண்டெடுத்த பொருளுக்கு ஒரு பதிவேடும் வைக்கலாம். குழந்தை காணாமல் போனால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதே மேடை, கிடைத்த பையையும் அறிவிக்கலாம். பெரும் செலவு இல்லாத காரியம் இது. இத்தனை காலம் ஒரு முழம் பூவுக்காகச் செய்யப்பட்டுவந்த வேலை உரிய கூலியும் பெயரும் பெறும். தனியாக வருகிற எவரும் கவலையில்லாமல் ஆற்றில் இறங்கலாம்.