விண்கல ஆட்டத்தின் இரு கைப்பிடிகள்

ஜாய்ஸ்டிக் விமானத்தில் பிறந்தது. 1907-இல் பிரான்சின் ராபர்ட் எஸ்னோ-பெல்த்ரி கட்டிய விமானத்திலேயே அது இருந்தது. விண்வெளி ஆட்டத்துக்கு அதற்கு இணையான கருவி அமைந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். 1962-இல் பிடிபி-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ ஆடியவர்கள், முதலில் கணினியின் முகப்பிலிருந்த சுவிட்சுகளைத் தட்டியே கலத்தைத் திருப்பினார்கள். சற்று நேரத்தில் முழங்கை வலித்துவிடும். அதனால் அவர்களில் ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் கிடைத்த உதிரிபாகங்களைக் கொண்டு தனிப் பெட்டிகள் செய்தார்கள். ஒரு சுவிட்சை இடம் வலமாகச் சாய்த்தால் கலம் திரும்பும். இன்னொன்றைப் பின்னுக்கு இழுத்தால் உந்துவிசை கிடைக்கும். ஏவுகணைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வராது. சுடுவது எதிராளிக்குக் கேட்டுவிடக் கூடாதல்லவா! திசை வேறு, வேகம் வேறு என்ற பிரிவினை அந்தப் பெட்டியிலேயே வந்துவிட்டது.

1977-இல் வந்த அட்டாரி ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு சாய்த்தாலும் விளைவு ஒன்றுதான். ஐ.பி.எம். பி.சி.க்கு வந்தவையோ சாய்வின் அளவையே கணினிக்குச் சொல்லின. 1990-இன் ‘விங் கமாண்டர்’ போன்ற ஆட்டங்கள் அவற்றுக்கு வேலை கொடுத்தன. போர்விமானத்தின் விமானி அறையைப் பார்த்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்க இடக்கைக்குத் தனி த்ராட்டிலும் வந்தது. ஜாய்ஸ்டிக் விட்டவுடன் நடுவுக்குத் திரும்பும். த்ராட்டில் தள்ளிய இடத்திலேயே நிற்கும். கோவை சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் விமானிக்கும் இடக்கையில் த்ராட்டில், வலக்கையில் கட்டுப்பாட்டுக் கோல். கையெடுக்காமல் அழுத்தும் பொத்தான்கள் இரண்டிலும் உண்டு.

ஆனால் விண்கலம் பக்கவாட்டிலும் மேலும் கீழும்கூட நகரும். அதனால் 2014-இன் ‘எலைட் டேஞ்சரஸ்’ ஆடுவோரில் சிலர் த்ராட்டிலை விட்டு, இரு கைக்கும் ஜாய்ஸ்டிக்கே வைத்துக்கொள்கிறார்கள். நிலவில் இறங்கிய அப்போலோ கலத்திலும் இடக்கை நகர்த்தவும் வலக்கை திருப்பவுமே இருந்தன.