உடை மாற்றும் அறையும் ஒரு பிள்ளையின் மானமும்

"சின்னப் பிள்ளைதானே, இதில் என்ன வெட்கம்?"

சில வருடங்களுக்கு முன் இல்ல விளையாட்டுப் போட்டியன்று ஒரு மாணவியிடம் நான் கேட்ட கேள்வி இது. வகுப்பறை ஒன்றில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பையை நெஞ்சோடு அணைத்தபடி மூலையில் நின்றாள். எனக்கோ அணிநடைக்கு நேரமாகிறதே என்ற பதற்றம். கடைசியில் அவள் அழுதுகொண்டே மாற்றினாள். பின்னர், ஏறக்குறைய இதே கேள்வி அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்திலும் எழுந்ததை வாசித்தபோது, அவளுடைய முகம்தான் கண்முன் வந்தது.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரிகன் மாநிலத்தில் வெர்னோனியா என்ற சிற்றூர். பாடசாலை அணியில் விளையாட வேண்டுமானால் போதைப்பொருள் பரிசோதனைக்குச் சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. 1991இல் ஜேம்ஸ் அக்டன் என்ற மாணவனின் பெற்றார் அதற்குச் சம்மதிக்கவில்லை. அணியில் இடம் கிடைக்கவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். 1995இல் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் பாடசாலைப் பக்கமே தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் அன்டனின் ஸ்காலியா சொன்ன காரணங்களில் ஒன்று: விளையாடும் பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் முன்னிலையில்தான் மாற்றுகிறார்கள், குளிக்கிறார்கள்; எனவே அந்தரங்கத்தை அவர்கள் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். மறைப்பில்லாத அறையைக் கட்டியவர்கள் பெரியவர்கள். அந்த அறையையே காட்டி, பிள்ளைக்கு அந்தரங்கம் குறைவு என்று சொன்னவர்களும் பெரியவர்களே.

அடுத்தது 2003 ஒக்டோபர். அரிசோனா மாநிலத்தின் சஃபோர்ட் நகரம். சவானா ரெடிங் என்ற 13 வயது மாணவி வலிமாத்திரை வைத்திருப்பதாக இன்னொரு மாணவி சொல்லிவிட்டாள். பிரதி அதிபர் அவளுடைய பையைச் சோதித்தார். எதுவும் இல்லை. பிறகு தாதியின் அறைக்கு அனுப்பினார். அங்கே இரண்டு பெண் ஊழியர்கள் அவளை உள்ளாடையுடன் நிற்கவைத்து, உள்ளாடையையும் இழுத்து உதறச் சொன்னார்கள். மாத்திரை எதுவும் கிடைக்கவில்லை. தான் அழப்போவது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று தலையைக் குனிந்தபடியே நின்றதாக அவள் பின்னர் சொன்னாள்.

அவளுடைய தாய் தொடுத்த வழக்கு 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. நீதியரசர் ஸ்டீபன் பிரேயர், சிறுவயதில் நாங்களும் உடற்பயிற்சிப் பாடத்துக்காகத் தினமும் உடை மாற்றினோமே, இது அவ்வளவு மோசமானதா என்ற கருத்தில் கேட்டார். அப்போது அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரேயொரு பெண் நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். தன்னுடைய சக நீதியரசர்கள் ஒருபோதும் 13 வயதுச் சிறுமியாக இருந்ததில்லை என்று பின்னர் ஒரு பத்திரிகை நேர்காணலில் அவர் சொன்னார்.

2009 ஜூனில் தீர்ப்பு வந்தது. அந்தச் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என்று 8 நீதியரசர்கள் ஏற்றார்கள். பிரேயரும் அவர்களில் ஒருவர். ஒருவர் மட்டுமே மறுத்தார். ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. ஆனால் அதை எழுதிய நீதியரசர் டேவிட் சூட்டர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னார்: விளையாடத் தயாராவதற்காக உடை மாற்றுவது வேறு, குற்றம் சாட்டப்பட்டு உடை களைவது வேறு.

அதாவது, பிள்ளை உடை மாற்றுவதால் அதன் மானம் பொதுச் சொத்தாகிவிடாது.

நமக்கு இதைச் சொல்ல அமெரிக்க நீதிமன்றம் தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 28ஆம் உறுப்புரை.

ஆனால் சமவாயம் வந்து கதவைச் சாத்தாது. நாம்தான் சாத்த வேண்டும். ஒரு கயிறும் இரண்டு பழைய சேலையும் இருந்தால் வகுப்பறை மூலையில் மறைப்பு ரெடி. கைபேசி உள்ளே போகக்கூடாது. அரை மணித்தியாலம் முன்னதாகத் தொடங்கினால் எவரையும் அவசரப்படுத்தத் தேவையில்லை. இப்போது போட்டி நாட்களில் நான் செய்வது இவ்வளவுதான்.

அந்த மாணவி இன்று பெரிய வகுப்பில். என்னைக் கண்டால் ஸலாம் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் மறந்திருக்கலாம். நான் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தத் தவணை முடிவதற்குள் கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.