யவனர் மதுவும் அரிக்கமேட்டுப் பானை ஓடுகளும்



பிரான்சு நாட்டின் போர்தோ வட்டாரத்துச் சிவப்புத் திராட்சை மதுவின் புட்டியில் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது புட்டியில் அடைத்த ஆண்டன்று; திராட்சையைப் பறித்த ஆண்டு. அவ்வட்டாரத்தில் 1945-ஆம் ஆண்டு மது பெரிதும் போற்றப்படுகிறது. அவ்வாண்டு மே மாதம் பெய்த உறைபனியில் தளிர்கள் கருகின. எஞ்சிய குலைகள் கோடை வெயிலில் நன்கு முற்றின. விளைச்சல் குறைவு, சாறோ செறிவு. நம் கேமரன் மலைத் தேயிலைக்கு இத்தகைய ஆண்டுப் பெருமை கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளுகிறோம். பழையதானால் மணம் போய்விடும், அவ்வளவே.

அதே 1945-ஆம் ஆண்டில்தான், அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அருகே, அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். மண்ணுக்கடியில் இத்தாலி நாட்டுச் செந்நிறப் பளபளப்புக் கலங்களின் உடைசல்களும், ஆம்போரா எனப்படும் இருகைப்பிடி மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன.

உடைந்த ஓட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அக்காலத்தில் தென்னிந்தியப் பானைகளின் வயதைக் கணிக்க உறுதியான வழியில்லை. இத்தாலியக் கலங்கள் செய்யப்பட்ட காலமோ முன்பே தெரிந்திருந்தது. ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம்மவர் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. அயலான் குடித்துப் போட்ட சாடி, தமிழ் நிலத்தின் வரலாற்றுக்குச் சாட்சியாயிற்று! பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து, அவ்வூர் வீலர் எண்ணியதைவிடப் பழையது என்று காட்டினர். அண்மைக் கால ஆய்வுகளில், உரோமச் சாடிகள் என்று எண்ணப்பட்ட ஓடுகளில் சில மெசபொத்தேமியாவைச் சேர்ந்தவை என்பதும் தெளிவாகியுள்ளது. எனவே அரிக்கமேட்டை 'உரோமர் குடியிருப்பு' என்று பாடம் நடத்துவதை நாம் விட்டுவிட வேண்டும். அது நம்மவர் ஊர். வணிகர் வந்து போயினர்.

அச்சாடிகளின் உட்புறம் கீல் பூசப்பட்டிருக்கும். அடிப்பாகம் கூம்பாக இருக்கும். கிரேக்கத்தின் கோஸ் தீவு முறையில் செய்த மதுவில் கடல்நீரும் கலப்பார்களாம். குடித்துப் பார்க்கும் ஆவல் எனக்கு எழவில்லை. ஆண்டு குறிக்கும் வழக்கமும் பழையதே. உரோமர் அவ்வாண்டின் ஆட்சித் தலைவர் பெயரைச் சாடியில் எழுதினர். ஒபிமியுஸ் என்பவர் பதவியில் இருந்த கி.மு. 121-ஆம் ஆண்டு மது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இருந்ததாகப் பிளினி எழுதியுள்ளார்.

நம் இலக்கியமும் இதற்குத் துணை நிற்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டப்புறத்தில் கள்ளும் சம்சும் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தன என்பதை நாமறிவோம். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. பாண்டியன் பருகியது கப்பலில் வந்த அரிய பொருள்; நம் பாட்டனார் குடித்தது நாட்கூலியைத் தின்ற பொருள். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மன்னன் குடித்ததை மட்டும் பெருமையாகச் சொன்னால் அது வரலாறாகாது. அஞ்சி மறைத்தாலும் ஆகாது.

வகுப்பில் நான் மதுவிலிருந்து தொடங்குவதில்லை. பிஸ்கட் தகரம் ஒன்றில் மண்ணை நிரப்பி, உடைந்த பீங்கான் துண்டுகளோடு 1967-ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசு ஒன்றையும் புதைத்து வைக்கிறேன். இக்குழி 1960-இல் மூடப்பட்டிருக்க முடியுமா என்று கேட்கிறேன். முடியாது என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். 1980-இல் மூடப்பட்டிருக்க முடியுமா என்று கேட்டால்தான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. அப்போதுதான் கரும்பலகையில் ஆம்போராவை வரைகிறேன்.