மறுதாம்பு

இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன முதல் குளிர்காலத்தில் எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது. பழைய மென்பொருள் ஒன்றைப் புதிய சர்வர்களுக்கு மாற்றும் வேலை. நடுராத்திரியில் ஏதாவது ஒன்று விழும். எழுந்து உட்கார்ந்து தூக்கி நிறுத்த வேண்டும். மார்ச் தொடக்கத்தில் அலுவலக நண்பர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை போனை அணைச்சுட்டு ஏதாவது ஒரு காட்டுக்குப் போயிட்டு வா" என்றார்.

கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ். அங்கிருந்து டாக்ஸி பிடித்து பிராட்ஃபீல்ட் வுட்ஸில் இறங்கினேன். சஃபோக் மாவட்டத்தின் உழுத வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் காடு. நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இலையில்லாத மரங்கள், ஈரமான களிமண், எங்கோ ஒரு மரங்கொத்தி. நான் தேடி வந்த அமைதி இதுதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு வளைவில் திரும்பினேன். அங்கே காடு இல்லை.

அரை கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வெட்டவெளி. மரங்களை எல்லாம் தரையோடு தரையாக அறுத்துப் போட்டிருந்தார்கள். வெளிறிய வெட்டுவாய்கள் வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்கைந்து பேர் குச்சிகளைத் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாதுகாக்கப்பட்ட காடு என்று எழுதிப் போட்டுவிட்டு உள்ளே வந்து வெட்டுகிறார்களே! அணைத்திருந்த போனை உயிர்ப்பித்துப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "பாருங்கப்பா, இங்கேயும் இதே கதைதான்" என்று ஒரு வரி வேறு.

அப்பா நெல்லிக்குப்பம் பக்கம் முப்பது வருடம் கரும்பு போட்டவர். உடனே கூப்பிட்டார். "டேய், படத்தைப் பெருசாக்கிப் பாரு. தூரை விட்டுட்டுத்தான வெட்டியிருக்கான்? சாய்வா வெட்டியிருக்கான் பாரு, தண்ணி நிக்காம இருக்க. இது மறுதாம்புடா."

கரும்பு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் வெட்டு முடிந்ததும் கட்டையைப் பிடுங்க மாட்டார்கள். அதே கட்டையிலிருந்து அடுத்த பயிர் துளிர்த்து வரும். கரும்பில் இரண்டு மூன்று முறை எடுக்கலாம். இந்தக் காட்டில் எழுநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஆங்கிலத்தில் காப்பிஸ் என்பார்கள். ஹேசல், ஆஷ் போன்ற மரங்களைத் தரையை ஒட்டி வெட்டினால் தூரிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் நேராகக் கிளம்பும். வேர் முன்பே ஆழமாக இறங்கியிருப்பதால் முதல் வருடமே ஆள் உயரத்தை நெருங்கிவிடும். ஹேசல் ஏழெட்டு வருடத்தில் மறுபடி வெட்டுக்குத் தயார். ஆஷ் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கும். காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, குளிர்காலத்துக்கு ஒரு துண்டு என்று வெட்டிக்கொண்டே போவார்கள். கடைசித் துண்டுக்கு வரும்போது முதல் துண்டு வளர்ந்து நிற்கும். இடையிடையே ஓக் மரங்களை மட்டும் வீட்டு உத்தரங்களுக்காகப் பல பத்தாண்டுகள் விட்டுவைப்பார்கள்.

அங்கிருந்த தன்னார்வலர்களில் ஒரு பெரியவர் என்னைப் பக்கத்துத் துண்டுகளுக்குக் கூட்டிப்போனார். போன வருடம் வெட்டிய இடத்தில் இடுப்புயரத் துளிர்கள். அதற்கு முந்தைய வருடத் துண்டில் தரையெல்லாம் இலைக்கொத்துகள். "ஏப்ரலில் வந்து பாருங்கள், இது முழுக்கப் பூவாக இருக்கும்" என்றார். நிழலில் வருடக்கணக்கில் காத்திருந்த ப்ரிம்ரோஸும் அனிமோனும் ஆக்ஸ்லிப்பும் வெளிச்சம் பட்டதும் எழுந்துவிடுமாம். மரம் வளர்ந்து மூடியதும் அவை அடங்கும். அதற்குள் அடுத்த துண்டு திறந்திருக்கும்.

இந்தக் காடு பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்தின் சொத்து. 1252லேயே இங்கு இந்த முறையில் வெட்டு நடந்ததற்கு மடாலய ஆவணம் இருக்கிறது. 1539ல் எட்டாம் ஹென்றி மடாலயத்தைக் கலைத்தார். சொத்து கைமாறியது, வெட்டு நிற்கவில்லை. ஹேசல் குச்சிகளைப் பின்னி மண் பூசி வீட்டுச் சுவர் எழுப்பினார்கள். ஆட்டுப் பட்டிக்குத் தட்டி, வைக்கோல் கூரைக்கு முளை, அவரைக்குக் கொம்பு, அடுப்புக்கு விறகு எல்லாம் இங்கிருந்துதான் போயின. பக்கத்து ஊரில் இருந்த பட்டறை ஒன்று இந்தக் காட்டு மரத்தில் வைக்கோல் வாரிகள் செய்து இருபதாம் நூற்றாண்டிலும் விற்றது.

காட்டைச் சுற்றி இன்றும் ஒரு மண்கரையும் அதற்கு வெளியே பள்ளமும் ஓடுகின்றன. துளிரை மாடும் மானும் மேய்ந்துவிடாமலிருக்க இடைக்கால மனிதர்கள் கையால் வெட்டியவை. வெட்டியது யார் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லை. மடாலயம் கருணையான நிலக்கிழாரும் அல்ல. 1327ல் நகரத்து மக்கள் அதைச் சூறையாடினார்கள். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் அதன் தலைமைத் துறவியின் தலையை வெட்டிச் சந்தையில் வைத்தார்கள். காட்டின் வரலாறு நமக்குக் கிடைப்பது கணக்கு எழுதியவர்களின் ஏட்டிலிருந்து. கோடாரி பிடித்தவர்களிடமிருந்து மிஞ்சியது இந்தக் கரையும் இந்தத் தூர்களும்தான்.

இந்தத் தூர்களை ஆவணமாகப் படிக்க முடியும் என்று காட்டியவர் ஆலிவர் ராக்கம். 1939ல் சஃபோக்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் வாழ்ந்த தாவரவியலாளர். கப்பல் கட்டியும் இரும்பு உருக்கியும் இங்கிலாந்து தன் காடுகளை அழித்தது என்ற பள்ளிக்கூடக் கதையை அவர் ஏற்கவில்லை. 1086ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கை ஊர் ஊராகக் கூட்டிப் பார்த்தார். அப்போதே நாட்டில் சுமார் 15 சதவீதம்தான் காடு. மீதியெல்லாம் கப்பல் படைக்கு ரொம்ப முன்பே வயலாகிவிட்டது. அதுமட்டுமல்ல, உலைகளுக்குக் கரி தேவைப்பட்ட தென்கிழக்கின் வீல்ட் பகுதியில்தான் காடு நிறைய மிஞ்சியது. கரியில் பணம் வருகிறவரை யாரும் தூரைப் பிடுங்க மாட்டார்கள் அல்லவா? வெட்டிய காடு மறுபடி வந்துவிடும். உழுத காடு வராது.

அந்த உழவு இங்கேயும் வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் விறகை ஒழித்தன. கம்பியும் பிளாஸ்டிக்கும் தட்டியை ஒழித்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு விவசாயத்தைப் பெருக்க மானியம் கொடுத்தது, புல்டோசர் மலிவானது. வருமானம் தராத காடு வீண் நிலமாகத் தெரிந்தது. 1960களில் பிராட்ஃபீல்டில் ஏறத்தாழ பாதியை வேரோடு பிடுங்கி வயலாக்கினார்கள். உள்ளூர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடி, 1970ல் மரப் பாதுகாப்பு ஆணை வாங்கி மீதியை நிறுத்திவைத்தார்கள். மடாலயம் போய், மன்னர்கள் மாறி, இரண்டு உலகப் போர்கள் தாண்டி வந்த காட்டில் பாதி ஒரு பத்தாண்டுக்குள் போய்விட்டது. கோடாரி நடமாடிய நூற்றாண்டுகளில் அல்ல, கோடாரிக்கு வேலையில்லாமல் போனபோது.

நான் அமைதி தேடி வந்தவன். இங்கிலாந்தின் பல பழைய காடுகளில் இன்று இருக்கும் அமைதி, ஆட்கள் வேலையை விட்டுப் போனதால் வந்த அமைதி என்பது அப்போதுதான் உறைத்தது. அலுவலகத்தில் நான் மாற்றிக்கொண்டிருந்த மென்பொருளும் நினைவுக்கு வந்தது. பல வருடமாக யாரும் கைவைக்கவில்லை என்பதை அதன் பலமாக எங்களிடம் சொல்லியிருந்தார்கள். தினமும் ராத்திரி விழுந்துகொண்டிருந்தது அதுதான்.

இந்த இடத்தோடு முடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பெரியவர் கடைசியாக ஓர் ஆஷ் தூரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

இந்தக் காட்டின் மிகப்பெரிய ஆஷ் தூர் ஒன்றின் குறுக்களவு சுமார் 18 அடி. நடுப்பகுதி எப்போதோ மட்கிப்போய், உயிருள்ள விளிம்பு மட்டும் வளையமாக நிற்கும். அதற்கு ஆயிரம் வயதாவது இருக்கும் என்று ராக்கம் மதிப்பிட்டார். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் பெரும்பாலும் சில நூறு வருடத்தில் விழுந்துவிடும். வெட்ட வெட்டத்தான் இது இத்தனை காலம் இருந்திருக்கிறது.

2012ல் ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் முதன்முதலாக உறுதிப்பட்டது. கிழக்காசியாவில் அங்குள்ள ஆஷ் இனங்களோடு பெரிய சேதமில்லாமல் வாழ்ந்த பூஞ்சை. ஐரோப்பிய ஆஷுக்கு அதைத் தாங்கப் பழக்கமில்லை. அதன் வித்துகள் காற்றிலும் வரும். ஆனால் வெளிநாட்டு நாற்றங்கால்களில் வாங்கிய ஆஷ் கன்றுகளிலும் அது கப்பலேறி வந்தது. விதையைத் தானாக உதிர்த்து முளைக்கும் மரம் இது. அதன் கன்றை இறக்குமதி செய்தார்கள்! இறப்பதற்கு முந்தைய வருடம், 2014ல், ராக்கம் வெளியிட்ட ஆஷ் மரம் பற்றிய புத்தகத்தில் அவர் முக்கியமாக எச்சரித்ததே இதைத்தான். உலகம் முழுக்கச் செடிகளை ஏற்றி இறக்கும் வியாபாரம் காலநிலையைவிட வேகமாக மரங்களைக் கொல்லும் என்றார்.

இளம் தளிரைத்தான் அந்தப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். வெட்டினால் வருவது இளம் தளிர். ஆயிரம் வருடம் இந்த மரத்தைக் காப்பாற்றிய அதே வெட்டு, நோய் கண்ட பிறகு அதைக் கொன்றுவிடக்கூடும். அதனால் நோயுள்ள ஆஷைத் தூரோடு வெட்ட வேண்டாம் என்று இப்போது அறிவுறுத்துகிறார்கள். ஒரு சிறு பங்கு மரங்கள் நோயைத் தாக்குப்பிடிக்கின்றன. எவை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும்வரை கத்தியைக் கீழே வைக்க வேண்டும்.

பெரியவர் எங்கள் முன்னால் இருந்த தூரின் கிளை ஒன்றை வளைத்துக் காட்டினார். நுனி காய்ந்து, பட்டையில் பழுப்பாக ஒரு புண். "ஹேசலை அடுத்த வாரமும் வெட்டுவோம். இதை என்ன செய்வது என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

ரயிலில் திரும்பும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம கரும்புலயும் செவ்வழுகல் வந்தா மறுதாம்பு விடக்கூடாதுடா" என்றார். "ஆனா அது பத்து மாசப் பயிரு. பிடுங்கிட்டு வேற கரணை நட்டுடலாம். ஆயிரம் வருசத்துக்கு என்னடா பண்ணுவாங்க?"