வெற்று நிலமும் பள்ளித் தோட்டமும்

ஆஸ்திரேலியாவில் இன்று பல பள்ளிக்கூடங்களில் 'பூர்வகுடிப் பண்பாட்டுத் தோட்டம்' ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள். மைதானத்து ஓரமாக நாலு பாத்தி, கூடை முடைகிற லொமாண்ட்ரா புல், வாட்டில் மரம், ஏதோ ஒரு கிழங்குச் செடி, பக்கத்தில் அந்த மண்ணின் மொழியில் எழுதிய பெயர்ப்பலகை. பார்க்க அழகாய்த்தான் இருக்கும். இதில் என்ன அரசியல் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கண்டத்தில் தோட்டம் என்பது ஒரு சாட்சியம். 'இவர்கள் மண்ணில் எதுவும் செய்யவில்லை' என்ற வாக்கியத்தின் மேல் நின்றுதான் நிலப்பறிப்பு நியாயமாக்கப்பட்டது.

உழைப்பைக் கலந்தவனுக்கே மண் சொந்தம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் எழுதினார். உழைப்பு என்றால் அவருக்கு உழவு, வேலி, விளைச்சல். 1788இல் சிட்னியில் குடியேறிய வெள்ளையர் கண்ணுக்கு அந்த வேலி தென்படவில்லை. ஆகவே நிலம் யாருடையதும் இல்லை. அதுவே பிறகு சட்டமாயிற்று. நமது அகப்பொருள் இலக்கணமோ கிழங்கு அகழ்தலையும் தேன் எடுத்தலையும் குறிஞ்சி மக்களின் தொழிலென்றே வரிசைப்படுத்தியது. (இதைச் சொல்லி நாம் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டாம். இலக்கணத்தில் இடம் கொடுத்தவர்கள் காட்டில் இடம் விட்டுவைத்தோமா என்பது வேறு கதை.)

அந்தக் கிழங்கைப் பற்றியே கொஞ்சம் பேசலாம். மர்னாங் என்று பெயர். இன்றைய விக்டோரியா மாநிலத்துச் சமவெளிகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த சின்னச் செடி. பெண்கள் கூட்டமாய்ப் போய் நீண்ட கழியால் தோண்டுவார்கள். முழுசாய்த் துடைத்து எடுத்துவிட மாட்டார்கள். நெருக்கமாய் இருப்பதைக் கலைத்து, கொஞ்சம் விட்டுவைத்து, மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு வருவார்கள். அடுத்த பருவத்தில் செடி பரவியிருக்கும். தோண்டுவதுதான் அங்கே பயிரிடுவது. லாக்கின் கண்ணால் பார்த்தவனுக்கு இது வெறும் பொறுக்கித் தின்னல்.

1830களின் நடுவில் செம்மறி மந்தைகள் வந்து இறங்கின. ஆடு இலையைத் தின்றது, மூக்கால் கிளறிக் கிழங்கையும் தின்றது. குளம்பு மிதித்து மண் இறுகிப்போயிற்று. 1841இல் 'பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலர்' என்ற உத்தியோகத்தில் இருந்த ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன், சமவெளியில் பெண்கள் பரவி நின்று கிழங்கு தோண்டுவதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர் பார்த்தது முடிந்துகொண்டிருந்த ஒரு காட்சி. பாதுகாவலர் எழுதிக்கொண்டிருந்தார், ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பசித்தவன் ஆட்டைப் பிடித்தால் துப்பாக்கி பேசியது.

பள்ளிக்கூடம் என்ற இடத்துக்கும் இதில் பங்குண்டு. 1814இல் ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென ஒரு நிறுவனத்தை அறிவித்தார். பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து எழுத்தும், பையன்களுக்குப் பயிர்த்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். 1819 தேர்வில் அங்கே படித்த ஒரு பெண், வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பின்தள்ளி முதல் பரிசு வாங்கினாள். அது ஒன்றையும் மாற்றவில்லை. வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் பூர்வகுடிப் பிள்ளையை வெளியே அனுப்பும் வழக்கம் நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் 1972 வரை விதியாகவே இருந்தது.

தோட்டமும் பள்ளியும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்ததும் இந்த வரலாற்றில்தான் நடந்தது. டவுன்ஸ்வில் நகரத்து ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர் எடி மாபோ. டோரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவுக்காரர். 1770இல் கிழக்குக் கரையை மன்னருக்கென்று குக் உரிமை கொண்டாடியதும் அதே நீரிணையின் ஒரு தீவில் நின்றுதான். அந்தக் குக்கின் பெயரிலுள்ள வளாகத்தில் இவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெர் தீவில் தனக்கு இருப்பதாக நினைத்திருந்த நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம் என்பது, ஹென்றி ரெய்னால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரு வரலாற்றாசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குத் தெரியவந்தது. 1973இல் அவர் அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று சமூகம் நடத்தும் பள்ளியைத் தொடங்கியவரும்கூட. 1982இல் மெர் தீவுக்காரர் நால்வரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். யார் தோட்டம் எங்கே முடிகிறது, அடுத்தவர் தோட்டத்துக்குள் கால் வைக்காதே என்கிற மாலோவின் நெறி எல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியமாயின. 1992 ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் வெற்று நிலக் கோட்பாட்டைத் தள்ளுபடி செய்தது. மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

தீர்ப்பு கண்டம் முழுமைக்கும் பொருந்தியது, சரி. ஆனாலும் ஒரு நெருடல் போகவில்லை. பாத்தி கட்டித் தோட்டம் போட்டவர்களின் வழக்கில்தான் அந்தச் சட்டத்துக்குக் கண் திறந்தது. புரூஸ் பாஸ்கோ 2014இல் 'டார்க் ஈமு' நூலில் பூர்வகுடிகள் வேளாண்மை செய்தவர்கள்தாம் என்று வாதாடினார். 2021இல் பீட்டர் சட்டனும் கெரின் வால்ஷும் அதை மறுத்துத் தனி நூலே எழுதினார்கள். இரு தரப்பிலும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. என்றாலும் உரிமைக்காரன் என்று நிரூபிக்க விவசாயி என்று நிரூபித்தாக வேண்டுமென்றால், விசாரணையை நடத்துவது இன்னமும் லாக்தானே?

1986இல் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பெத் காட் என்ற தாவரவியலாளர் பூர்வகுடித் தாவரங்களுக்கென்று ஒரு தோட்டம் வளர்த்தார். மர்னாங் ஆய்வில் அவர் பெயர் தவிர்க்க முடியாதது. பள்ளிகளிலும் இது பரவியதில் எனக்குக் கேலி இல்லை. ஒரு பிள்ளை செடியின் பழைய பெயரைச் சொல்லிப் பழகுவது சின்ன விஷயமல்ல. அதே தேசத்தில்தான் 2023 அக்டோபரில், பூர்வகுடிகளுக்கு அரசியல் சட்டத்தில் ஒரு குரல் வேண்டுமா என்று கேட்டதற்குச் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். செடிக்கு இடம் உண்டு, குரலுக்கு இல்லை.

வாட்டில் மரம் நமக்கும் அந்நியமில்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நீலகிரிப் புல்வெளியில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் நட்ட சீகை மரமும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதாம். அங்கே காட்டை எடுத்து ஆட்டை விட்டார்கள். இங்கே எருமையின் புல்லை எடுத்து அங்கத்திய மரத்தை வைத்தார்கள்.

பள்ளித் தோட்டத்துக்கே வருவோம். மர்னாங் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டித் 'தொடாதே' என்று எழுதி வைத்தால் செடி நெருங்கும், மண் இறுகும். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பூர்வகுடி மூதாட்டி ஒருத்தி வந்து, பிள்ளைகள் கையில் கழியைக் கொடுத்துக் காட்டவேண்டும். அவளை வருஷத்துக்கு ஒருநாள் விழாவுக்கு அழைப்பதா, சம்பளம் கொடுத்து ஆசிரியையாக வைத்துக்கொள்வதா என்பதைப் பள்ளி நிர்வாகந்தான் முடிவு செய்கிறது.