ரத வீதியில் இரு தேசத்துக் கார்கள்

தாமிரபரணிக் கரையில் 'கார்' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் நெல். ஆனி வாக்கில் நட்டு ஐப்பசிக்கு முன் அறுப்பது கார். அதன்பின் வருவது பிசானம். இலக்கியம் கற்றோர்க்கு அதே சொல் முல்லைத் திணையின் பெரும்பொழுது. வினைமுற்றிய தலைவன் பாகனொடு தேரேறி மீளும் பருவம். ஆங்கிலேயரோ கோயில் தேரையே தம் மொழியில் 'கார்' என்று எழுதினர். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள் நான்கும் ஆங்கில முகவரிகளில் 'கார் ஸ்ட்ரீட்' ஆனது அவ்வாறுதான். ஆகவே மோட்டார் வண்டி திருநெல்வேலி டவுணுக்குள் நுழைவதற்கு முன்னரே அதன் பெயர் இங்கு வந்து காத்திருந்தது எனலாம். வண்டி வந்த பின்னர் ஊரார் அதைப் 'பிளஷர்' என்று அழைத்தனர் என்பது வேறு செய்தி. கடன் வாங்கிய சொல்லாயினும், இன்பத்துக்காக மட்டும் ஓடும் வண்டி என்னும் பொருளை அது நன்றாகவே சுட்டிற்று.

இன்பத்துக்காகவே செய்யப்பட்ட வண்டி ஒன்று உண்டு. 'ரோட்ஸ்டர்' என்பது அதன் பெயர். நிலையான கூரை இல்லை, இருவர் அமரலாம், மூன்றாமவர்க்கு இடமில்லை. அகப்பாடல்களின் தேருக்கு மிக நெருங்கிய நவீன ஊர்தி இதுவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகை வண்டியைச் செய்வதில் இரு தேசங்கள் பெயர் பெற்றன. ஒன்று இங்கிலாந்து, மற்றொன்று இத்தாலி. இவ்விரண்டில் வாங்கி வைத்துக்கொள்ளத் தக்கது எது என்னும் வழக்கு, பழைய வண்டிகளைப் போற்றுவோரிடையே இன்னும் தீராதது.

ஆங்கிலேயரின் எம்.ஜி.பி. 1962இல் வந்து 1980 வரை ஓடியது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பு. நுட்பம் குறைவு, ஆனால் ஒரு சாதாரணப் பட்டறையில், சாதாரணக் கருவிகளைக் கொண்டு பிரித்துப் பூட்டலாம். எண்ணெய் கசியும், மின்சாரப் பகுதி மழைநாளில் கைவிடும், எனினும் சாலையோரத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். இத்தாலியரின் பியட் 124 ஸ்பைடர் 1966இல் வந்தது. வடிவம் பினின்பரினாவினுடையது, எஞ்சின் ஃபெராரியில் பணியாற்றிய லாம்பிரெடியினுடையது. சிலிண்டர்த் தலையின் மேல் இரண்டு கேம் தண்டுகள், அவற்றைச் சுழற்றப் பல்வைத்த ரப்பர் பட்டை, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்! பொறியியலில் ஆங்கில வண்டியை விட ஒரு தலைமுறை முந்தியது. ஆனால் அந்த ரப்பர் பட்டையை உரிய காலத்தில் மாற்றத் தவறினால் எஞ்சினே பாழாகக்கூடும். அதன் இரும்புத் தகடோ துருவுக்கு விரைவில் இரையாகும். ஓட்டும்போது இத்தாலிய வண்டி இனிது. வைத்திருக்கும்போது ஆங்கில வண்டி எளிது. 1988இல் இங்கிலாந்தில் எம்.ஜி.பி.க்கு முழு உடற்கூட்டையே மீண்டும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

இவ்வழக்குக்கும் நெல்லைச் சீமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அவ்வண்டிகள் இங்கு விற்பனைக்கு வந்ததில்லை. ஆனால் அவற்றின் உடன்பிறப்புகள் வந்தன.

1953இல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரைப்படி, வண்டியை இந்தியாவிலேயே செய்ய முனையாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்றாயிற்று. அமெரிக்கக் கம்பெனிகள் வெளியேறின. தனியார் கார் என்ற அளவில் பின்னர் நிலைத்தவை மூன்று. முதலாவது, பிர்லா குடும்பம் 1942இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் அது செய்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே. இரண்டாவது, வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். பம்பாய் குர்லாவில் அது செய்தது இத்தாலியின் பியட் 1100. மூன்றாவது நம் சென்னையில் பிறந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ், 1961 முதல் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைச் செய்து தந்தது.

இம்மூன்றின் குலமுறையை ஆராய்ந்தால் வியப்பு மிகும். சில ஆண்டுகளில் அம்பாசிடருக்குப் பொருத்தப்பட்ட 1489 சி.சி. எஞ்சின், 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டரின் எஞ்சின் வகையைச் சேர்ந்ததே. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சற்றே குறுக்கி அதன்மேல் எழுப்பப்பட்டதுதான் 1962இல் வந்த ஸ்பிட்பயர் ரோட்ஸ்டர். பியட் 1100ஐ அடியாகக் கொண்டு இத்தாலியர் 1955இலேயே கூரையற்ற வண்டி ஒன்றைச் செய்திருந்தனர். ஐரோப்பாவில் இளைஞர்களைக் கடற்கரைக்கு ஏற்றிச் சென்ற அதே எலும்பும் இரத்தமும்தான் இங்கே பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் பாட்டி முதல் பேரன் வரை ஏற்றிச் சென்றன. ஒரு வழக்கின் இரு கட்சிகளும் கூரை போட்டுக்கொண்டு, குடும்பஸ்தர்களாய் இங்கு குடியேறின என்பதே உண்மை.

பட்டறைகளில் இவ்வழக்கு வேறு உருக்கொண்டது. அம்பாசிடரின் போல்ட்டு நட்டுகள் அங்குலக் கணக்கு; பியட்டினுடையவை மில்லிமீட்டர். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் ஏறும், ஆனால் அழுத்தித் திருகும்போது வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கும். ஆகவே இரண்டு வண்டியையும் கையாளும் மெக்கானிக், ஸ்பானர்களை இரண்டு வரிசையாக வைத்திருக்க வேண்டியவரானார். இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறியதும் அதே காலமே. 1957இல் நயா பைசா வந்தது. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. ஆயினும் நாட்டின் ஆட்சி வண்டியாகிய அம்பாசிடர் அங்குலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

குணத்திலும் இரண்டும் வேறுபட்டன. அம்பாசிடர் அகலம், பின்னிருக்கையில் மூவர் தாராளமாகவும், நெருக்கினால் அதற்கு மேலும் அமரலாம். பின்புறத்து வில்பட்டைகள் எந்தப் பள்ளத்துக்கும் அஞ்சா. பாட்டரி கைவிட்டால் ஹேண்டில் போட்டுக் கிளப்பலாம். கால்வாய்க் கரைகளை ஒட்டிச் சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று செல்லும் வழியில் அறுப்புக் காலத்து மாட்டு வண்டிகளுக்கிடையே புகுந்து போக அதுவே ஏற்றது. (மாஞ்சோலை போன்ற மலைப்பாதைகளுக்கு இரண்டும் உதவா, அது ஜீப்பின் ராஜ்யம்.) பெட்ரோலை மட்டும் அது கேட்டுக் கேட்டுக் குடிக்கும்.

பியட் எடை குறைந்தது, 1089 சி.சி. எஞ்சினே ஆயினும் சுறுசுறுப்பு மிகுந்தது, பெட்ரோல் சிக்கனம். ஸ்டீயரிங் இலகு. டவுணின் குறுகிய தெருக்களில் திருப்புவதற்கு அதுவே தோது. தாமே வண்டியோட்டும் மருத்துவர், வழக்கறிஞர், பேராசிரியர் போன்றோர்க்கு உரிய வண்டி அது. டிரைவர் வைத்துக்கொள்ளும் மிராசுதாரரும் கான்ட்ராக்டரும் அம்பாசிடரையே நாடுவர். 1950களின் பியட்டில் முன்கதவுகள் பின்பக்கத்துக் கீலில் நின்று முன்னோக்கித் திறந்தன. காற்று வேகத்தில் பிடுங்கிக்கொள்ளும் அபாயம் அதில் உண்டு. ஆனால் புடவை கட்டியவர்கள் ஏறியிறங்க அதனினும் வசதியான கதவு பின்னர் வரவில்லை. பியட்டின் குறை அதன் தலையிலேயே இருந்தது. சிலிண்டர்த் தலை அலுமினியம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததைக் கவனியாமல் ஓட்டினால் சூட்டில் அது வளையும். நாங்குநேரி, வள்ளியூர் வழியே ஆரல்வாய்மொழி நோக்கி வெட்டவெளியில் சித்திரை வெயிலில் செல்பவர் தண்ணீர் பார்க்காமல் புறப்படுதல் தகாது. அம்பாசிடரின் வார்ப்பிரும்பு இத்தகைய பிழைகளை ஓரளவு மன்னிக்கும்.

உதிரிப் பாகங்களின் வரலாறு தமிழகத்தில் ஆங்கிலத் தொழில்நுட்பத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. இதில் நெல்லை மண்ணுக்கும் பங்குண்டு. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழிலின் வழிவந்தோரே, 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கம்பெனிகளின் கூட்டுறவோடு லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா முதலியவற்றைச் சென்னையில் நிறுவினர். டைனமோவும் பிரேக்கும் தமிழ்நாட்டிலேயே செய்யப்படலாயின. இங்கிலாந்தில் எம்.ஜி.பி.யின் வாழ்நாளை நீட்டியது எதுவோ, அதுவே இங்கும் வண்டிகளின் வாழ்நாளை நீட்டியது. உடைந்த பாகத்துக்கு மாற்று, எட்டும் தொலைவில் கிடைத்தது.

ஆனால் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே பலர்க்கு இருந்ததில்லை. முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பியட்டுக்குக் காத்திருப்பு நீண்டது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அம்பாசிடர்க்காரர் ஆனவர் பலர். 1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் குடும்பத்துக்கு ஒரு பியட் வாங்க விரும்பியபோது விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது போதாமல் பஞ்சாப் நேஷனல் பாங்கில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். 1966இல் அவர் தாஷ்கண்டில் மறைந்தபின் அக்கடனைத் தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தவர் அவர் துணைவியார். ஆட்சிக்குரிய ஆங்கில வம்சத்து வண்டி வேறு, சொந்தத்துக்குரிய இத்தாலிய வம்சத்து வண்டி வேறு என்னும் பாகுபாடு அந்த ஒரு வீட்டிலேயே தெரிகிறது. வாங்கிய வண்டி வாழ்நாள் உறவு. மகளைக் கொடுத்த வீட்டை விசாரிப்பது போல் அதன் நலனை விசாரிப்பர்.

இப்போட்டியில் அநீதி இழைக்கப்பட்டது ஹெரால்டுக்கு. எலும்பு ஆங்கிலேயருடையது, தோல் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தது. இரு தேசத்து நலன்களும் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டி தமிழ்நாட்டிலேயே உருவாயிற்று! முன்மூடி முழுவதும் மட்டையோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் டயரின் மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். திரும்புவதற்கு அதைவிடச் சிறிய வட்டம் போதுமான கார் அரிது. நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது சென்னைத் தொழிற்சாலை மட்டுமே. இங்கிலாந்துக்கே அது வாய்க்கவில்லை. ஆயினும் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு, இருவர் செல்லும் ஐரோப்பியச் சாலைக்கு உரியது. ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய குடும்பப் பயணத்துக்கு உரியதன்று. 1972இல் கெஸல் என்னும் பெயரில் அக்குறையைத் திருத்தி வெளியிட்டனர். காலம் கடந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் அந்த வரிசை நின்றது. 1980களில் வந்த ஸ்டாண்டர்டு 2000 நிலைக்கவில்லை.

வழக்கைத் தீர்த்து வைத்தது மூன்றாம் தேசம். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. ஜப்பானிய சுசுகியின் சிறிய வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது, வழியில் நிற்கவில்லை. ஐரோப்பாவின் ரோட்ஸ்டர் வழக்கிலும் இதுவே நிகழ்ந்தது. 1989இல் ஜப்பானிய மஸ்தா, எண்ணெய் கசியாத, விரைவில் துருவேறாத ஒரு கூரையற்ற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஆங்கிலேயரும் இத்தாலியரும் வாயடைத்துப் போயினர். பத்மினி என்னும் பெயர் பூண்டிருந்த பியட்டின் உற்பத்தி 2000ஐ ஒட்டி நின்றது. பம்பாய் டாக்சிகளாக எஞ்சியிருந்தவையும் 2023 அக்டோபரில் விடைபெற்றன. அம்பாசிடர் 2014 மே வரை தாக்குப்பிடித்தது. ஆனால் 1990களின் தொடக்கத்திலேயே அதற்குள் ஜப்பானிய இசுசு எஞ்சினைப் பொருத்தத் தொடங்கியிருந்தனர். அதன்பின் ஒரே அம்பாசிடரின் மூடியைத் திறந்த மெக்கானிக்குக்கு, எஞ்சினுக்கு மில்லிமீட்டர் ஸ்பானரும் ஏனைய பழைய பாகங்களுக்கு அங்குல ஸ்பானருமாக இரண்டு வரிசையும் வேண்டியிருந்தன.